மடங்குற கை

— தலையை முதல்ல கழட்டணும். அந்தக் கிண்ணத்தை இப்படித் தள்ளு. தண்ணி சூடா இருக்கு, கையை விட்டுடாதே.

— ஐயோ அக்கா, தலையைப் பிடிச்சு வெந்நீருக்குள்ள அமுக்குறியே. பார்க்க முடியலை.

— கை பொறுக்காத சூடு, அவ்வளவுதான். ரப்பர் இளகினாத்தான் தலை கழுத்தை விட்டு வரும். அவசரப்பட்டு இழுத்தா உள்ள இருக்கிற குமிழ் உடைஞ்சுடும். அப்புறம் தலை நிக்காது, தொங்கும்.

— இல்ல, தெரியாமத்தான் கேட்கிறேன். அப்பா செத்துப் பதினொரு நாள் ஆச்சு. நான் ஒருத்தி தனியாப் போய் எல்லாத்தையும் முடிச்சுட்டு நேரா உன் வீட்டுக்கு வர்றேன். பிஸ்கட் டின்னை நீட்டினேன். நீ திறந்தே, பொம்மையை எடுத்தே, அடுப்புல தண்ணி வச்சே. எப்படி இருந்தார், முகம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டியா? நீ மனுஷிதானா?

— தூக்கத்துலயே போயிட்டார்னு நீதான் ஃபோன்ல சொன்னியே.

— சொன்னா? அதோட ஆச்சா?

— சரி. முகம் எப்படி இருந்துச்சு?

— எனக்கென்ன தெரியும்? நாலு வயசுல பார்த்த முகம். அவருக்கு அறையை வாடகைக்கு விட்டவர் கூட்டிட்டுப் போய்க் காட்டி, "இவர்தான்மா"ன்னார். சரின்னேன். வேற யாரையாவது காட்டியிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்.

— உன் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைச்சுது?

— என் கல்யாணப் பத்திரிகையை யாரோ அப்பாகிட்ட கொடுத்திருக்காங்க. அதுல இருந்த நம்பரைச் சுவத்துல பென்சிலால எழுதி வச்சிருந்தார். ஒரு தடவைகூட அடிச்சதில்ல. ஒரே அறை அக்கா. ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், ஜன்னலோரமா ஒரு பழைய தையல் மெஷின். ஃபேக்டரியில மெஷின் ரிப்பேர் பார்த்த ஆள் இல்லையா, அதை மட்டும் துடைச்சுத் துடைச்சு வச்சிருந்தார். கட்டிலுக்கு அடியில இந்த டின். சரி, உனக்கு அழுகை வந்துச்சா இல்லையா? உண்மையைச் சொல்லு.

— வரலை. பல் பிடுங்குறதுக்கு ஊசி போடுவாங்க இல்ல? அந்த மாதிரி இருக்கு. கன்னத்தைக் கிள்ளினா வேற யார் கன்னத்தையோ கிள்ளுற மாதிரி.

— பதினொரு நாளாவா?

— ஊசி எப்பப் போட்டாங்கன்னு ஞாபகம் இல்லை. அது கிடக்கட்டும். தலை வந்துடுச்சு பாரு. உள்ள தூசியே இல்ல. காதைப் பாரு, பச்சையா இருக்கு.

— பூஞ்சையா?

— தோட்டுல இருக்கிற செம்பு கசிஞ்சது. பழைய பொம்மைக்கெல்லாம் வர்ற வியாதி. முகப்பரு க்ரீமைத் தடவி வெயில்ல வச்சா நாலஞ்சு நாள்ல வெளுத்துடும். முடியைப் பிரிச்சு அலசணும். உதட்டுச் சாயம் பாதி போச்சு, அதை வரைஞ்சுடலாம். இவளை மாதிரி எத்தனை பேரைப் பார்த்தாச்சு.

— பழைய பொம்மைக்குக் கை கால் மடங்க வைக்கிற வேலை உனக்கு இன்னும் வருதே, அதுதான் எனக்கு ஆச்சரியம். கடையில இப்ப எல்லாம் கை கால் மடங்குறதாவே கிடைக்குதே.

— என்கிட்ட வர்றவங்களுக்கு அது வேண்டாம். சின்ன வயசுல வச்சிருந்த அதே பொம்மை, அதே மூஞ்சி, ஆனா உட்காரணும், மடங்கணும். போன வாரம் ஒருத்தி வந்தா. அவ பொம்மை கோப்பையைப் பிடிச்சு வாய்கிட்ட கொண்டு போகணுமாம். முழங்கையை அறுத்து, மூட்டுக்கு ஒரு குண்டு வச்சு, மணிக்கட்டுல ஒண்ணு வச்சு... இரு.

— என்ன?

— இந்தக் கை மடங்குது.

— மடங்கினா நல்லதுதானே?

— சின்னு, அந்தக் காலத்துப் பொம்மைக்கு முழங்கையே கிடையாது. கம்பெனிக்காரன் நீட்டமா வார்த்து அனுப்புவான், விறைச்ச மாதிரி நிக்கும். இடது கையைப் பாரு, அப்படியே இருக்கு. வலது மட்டும் மடங்குது. யாரோ பண்ணியிருக்காங்க.

— யாரோ என்ன யாரோ? அந்த ஆள்தான். வேற யார் இருக்கா அந்த அறையில?

— அந்தச் சின்ன இடுக்கியைக் கொடு. விளக்கை இறக்கு. இன்னும் கொஞ்சம்.

— என்ன இருக்கு உள்ள?

— பிரஸ் பட்டன். ரவிக்கைக்குத் தைப்பாங்களே, அது. குமிழ் ஒரு பக்கம், குழி ஒரு பக்கம். அதையே மூட்டாக்கியிருக்கார். சுத்திச் சைக்கிள் வால்வ் ட்யூப் ஒரு துண்டு. நழுவாம இருக்க மெஷின்லேருந்து ஒரு ஸ்ப்ரிங். நான் வெளியூர்லேருந்து வரவழைக்கிற சாமான் எதுவும் இல்லை. ஆனா என்னோடதை விட நல்லா மடங்குது.

— சும்மா சொல்லாதே.

— நீயே மடக்கிப் பாரு. விட்ட இடத்துல நிக்குது பாரு. அதுதான் கஷ்டம். மடங்க வைக்கிறது யாரும் பண்ணலாம், நிக்க வைக்கணும். இங்க பாரு, பழைய ஓட்டை. இதை அடைச்சுட்டுப் பக்கத்துல இன்னொண்ணு போட்டிருக்கார். முதல்ல ஆணி வச்சுப் பார்த்திருக்கார். அப்புறம் கம்பி. அது சரிப்படாமத்தான் பட்டனுக்கு வந்திருக்கார். பசையே மூணு விதம் இருக்கு. இந்தப் பழுப்பு, தொட்டாப் பொடியாகுதே, இது நாம சின்னப் பிள்ளையா இருந்தப்ப வித்தது. இந்தக் கடைசிப் பசை போன வருஷம் வாங்கினதா இருக்கும்.

— அப்போ இத்தனை வருஷமா இதையே நோண்டிக்கிட்டு இருந்தாரா?

— விட்டுவிட்டுப் பண்ணியிருப்பார்.

— நல்லா இருக்கு கதை. தானே உடைப்பாராம், தானே உட்கார்ந்து ஒட்டுவாராம். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டில் ஆட்டுற கதை. கோபத்துல பொம்மையைத் தூக்கிச் சுவத்துல அடிச்சப்ப எங்க போச்சாம் இந்தப் பொறுமை?

— சுவத்துல அடிச்சார்னு யார் சொன்னா?

— அம்மாதான். வேற யார்? "இன்னைக்குப் பொம்மையைச் சுவத்துல அடிச்ச ஆள் நாளைக்குப் பிள்ளையை அடிப்பான்"னு. நான் தூங்கி எழுந்து அழுதேனாம், பொம்மைக்குக் கை இல்லைன்னு. மறுநாள் காலையில பொம்மையை அங்கேயே போட்டுட்டு, ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு மாமா வீட்டுக்கு வந்துட்டேன்னு அம்மா நூறு தடவை சொல்லியிருக்குதே.

— முதல்ல "கையை உடைச்சார்"னுதான் சொன்னுச்சு. சுவர் அப்புறம் வந்தது. கடைசியில அம்மா மேலயே கை ஓங்கினார்னு ஆச்சு. சொல்லச் சொல்ல வளர்ந்துச்சு.

— ஓங்கலையா?

— இந்த உடைசலைப் பாரு. உனக்கு என்ன தெரியுது?

— வெள்ளையா ஒரு கோடு.

— சுவத்துல அடிச்சா சில்லு தெறிக்கும், மூலை உடையும். இது வெளுத்திருக்கு. பிளாஸ்டிக்கைப் பலங்கொண்ட மட்டும் மடக்கினாத்தான் இப்படி வெளுக்கும். இப்படி, முழங்காலுக்கு அடியில வச்சு அழுத்திக்கிட்டு, ரெண்டு கையாலயும் மடக்கினா.

— எதை வச்சு அவ்வளவு உறுதியாச் சொல்றே?

— மடக்கினது நான்தான்.

— அக்கா.

— ஒன்பது வயசு எனக்கு. நீ தூங்கிட்டு இருந்தே. இவளை உட்கார வச்சு ஒரு மூடியில தண்ணி கொடுத்தேன். வாங்கிக்க மாட்டேன்னா. கை மடங்கினா வாங்கிப்பான்னு மடக்கினேன். டப்புனு ஒரு சத்தம். கை என் கையோட வந்துடுச்சு. நீ எழுந்து பார்த்துட்டு ஊரைக் கூட்டினே. அம்மா வந்துச்சு. "யார் உடைச்சது"ன்னுச்சு. நான் வாயைத் திறக்கலை. அப்பா ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பி, "நீங்கதானே"ன்னுச்சு. அவர் என்னைப் பார்த்தார். பார்த்துட்டு, "ஆமா"ன்னார்.

— ஆமான்னா சொன்னார்?

— ஆமான்னுதான். எனக்கு அடி விழாம இருக்கட்டும்னு சொல்லியிருப்பார். ஒரு பொம்மைதானே, என்ன ஆகிடப் போகுதுன்னு.

— இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குச் சொல்றே. முப்பத்தாறு வருஷம். என் கல்யாணத்துல அப்பா நிக்க வேண்டிய இடத்துல மாமா நின்னார். பள்ளிக்கூடத்துல அப்பா பேர் கேட்டா தலையைக் குனிஞ்சுப்பேன். என் பிள்ளைங்ககிட்ட தாத்தா கெட்டவர்னு சொல்லி வச்சிருக்கேன்.

— ஆமா.

— நீ ஆமான்னு சொல்லாதே. அந்த வார்த்தையைச் சொல்லாதே நீ.

— இன்னொண்ணும் இருக்கு. எல்லாத்தையும் கேட்டுடு. அடுத்த வருஷம் பள்ளிக்கூட வாசல்ல வந்து நின்னார். "கையை ஒட்டிட்டேன், ஆனா மடங்கலை. மடங்குற மாதிரி பண்ணிட்டுக் கொண்டு வர்றேன்"னார். அவ்வளவுதான் பேசினார். மாமா அந்தப் பக்கமா வந்துட்டார். பார்த்தவர் சட்டையைப் பிடிச்சுத் தள்ளினார். அப்பவும் நான் வாயைத் திறக்கலை. மாமா கையைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

— அதனாலதான் நீ இந்தத் தொழிலுக்கு வந்தியா?

— அப்படியெல்லாம் யோசிக்கலை. ஒரு நாள் யாரோ ஒரு பொம்மையைக் கொடுத்தாங்க, கையை அறுத்தேன். அடுத்தது வந்துச்சு. திட்டணும்னா திட்டிடு சின்னு.

— திட்ட வரலையே. வாயில என்னென்னமோ வருது, வெளிய வரமாட்டேங்குது. எனக்கும் ஊசியைப் போட்டுட்டே போலிருக்கு.

— சத்தம் போடாதே. உள்ள அம்மா எழுந்துடுச்சு.

— எழுந்து வரட்டும். அம்மாகிட்ட சொல்லு. இப்பவே சொல்லு.

— எழுபது வயசு, இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? தாங்காது.

— யார்டி தாங்க மாட்டா? என்னமோ போ, மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணசர விடுறீங்களா ரெண்டு பேரும்? எப்ப வந்தே சின்னவளே? சாப்பிட்டியா? இது என்ன மேஜை பூரா... ஓ. இது அங்கேயா இருந்துச்சு?

— அங்கதான் இருந்துச்சு அம்மா. கட்டிலுக்கு அடியில. அக்கா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.

— சின்னு, வேண்டாம்.

— நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

— அம்மா, அந்தக் கையை அப்பா உடைக்கலை. நான்தான் உடைச்சேன்.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— நீதான் உடைச்சேன்னு தெரியும். மண்டி போட்டு உட்கார்ந்து முழங்காலால அழுத்திக்கிட்டு மடக்கினே. கதவிடுக்குல நின்னு பார்த்தேன். அந்த நாற்காலியை இழு பெரியவளே, கால் வலிக்குது.

— பார்த்துட்டு எப்படிம்மா அவரைக் கேட்டே? "நீங்கதானே"ன்னு எப்படிக் கேட்டே?

— கேட்டேன்.

— அம்மா, இல்ல, நேராவே கேட்கிறேன். அவர் உன்னை அடிச்சாரா?

— ஒரு விரல் பட்டதில்லை.

— குடிச்சாரா?

— டீயே அரை கிளாஸ்தான் குடிப்பார்.

— அப்புறம் என்னதான் பண்ணினார்?

— ஒண்ணும் பண்ணலை. அதுதான். பேச மாட்டார். காலையில போவார், சாயங்காலம் வருவார், ஜன்னல்கிட்ட உட்காருவார். போட்டாச் சாப்பிடுவார், போடலைன்னா படுத்துடுவார். ஒரு தடவை வேணும்னே உப்பே போடாம சமைச்சு வச்சேன். மூணு நாள். என்னடி இதுன்னு ஒரு வார்த்தை கேட்பாரான்னு பார்த்தேன். மூணு நாளும் சாப்பிட்டுட்டுத் தட்டைக் கழுவி வச்சார். சுவத்தோட குடும்பம் நடத்துறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. நான் இருக்கேனா செத்தேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடும். என் கையை நானே கிள்ளிப் பார்த்துப்பேன்.

— மாமாகிட்டச் சொல்லியிருக்கலாமே.

— சொல்லாமலா? போய் உட்கார்ந்து அழுதேன். அடிக்கிறாரான்னு கேட்டார், இல்லைன்னேன். குடிக்கிறாரான்னார், இல்லைன்னேன். இந்த மாதிரி ஒரு தங்கமான ஆளை விட்டுட்டு வர உனக்கு என்ன கொழுப்புன்னு அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டார். அவங்க கேட்குறது அந்த ரெண்டு கேள்விதான். ரெண்டுக்கும் ஆமான்னு சொல்ல எனக்கு வழியில்லை. ஏதாவது ஒண்ணு வேணும்னு இருந்துச்சு, எடுத்துச் சொல்லுற மாதிரி. பதினோரு வருஷத்துல நான் கேட்டதுக்கு அந்த மனுஷன் உடனே பதில் சொன்னது அந்த ஒரு தடவைதான். ஆமான்னார். அந்த ஆமாவைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தேன்.

— என்னாலதான்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன் அம்மா. பள்ளிக்கூட வாசல்ல அவரைப் பார்த்தப்பவும், இந்தப் பதினொரு நாளும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— சொல்லியிருந்தா நீ ஓடிப்போய் மாமாகிட்ட நிஜத்தைச் சொல்லியிருப்பே. என்னைப் பெட்டியோட திருப்பி அனுப்பியிருப்பாங்க.

— பெரியவளான பிறகாவது?

— அப்ப சொல்லலாம்னுதான் இருந்தேன். நீயும் அவரை மாதிரியே ஆயிட்டே. மேஜையை விட்டு எழுந்திருக்க மாட்டே, பேச மாட்டே. உன்கிட்ட எதை ஆரம்பிக்கிறது?

— அப்படின்னா, நான் உடைச்சது உனக்கு வசதியாப் போச்சு.

— அந்தப் பொம்மையை நானே உடைக்கிறதுன்னு முடிவு பண்ணி ரெண்டு நாள் ஆயிருந்துச்சு பெரியவளே. நீ எப்ப அதைக் கீழே வச்சுட்டு நகருவேன்னுதான் அந்தக் கதவிடுக்குல நின்னுக்கிட்டு இருந்தேன்.