பனையடி வளைவு

மண்ணெண்ணெயில் ஓடுகிற காரை இடையில் நிறுத்தக்கூடாது, ஐயா. பொருளாதாரத் தடையால் பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு வராமல் இரண்டு வருடமாகிறது. கிடைக்கிற சொட்டை எஞ்சினை எழுப்ப மட்டும் வைத்திருப்போம். எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டு, அக்சிலேற்றரில் இருந்து காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும். இது தெரிந்தால்தான் மீதி உங்களுக்கு விளங்கும்.

போன வருடம் வட்டுக்கோட்டைத் தரவை வெளியில் நடந்த கார் ஓட்டத்தில் என் கார்தான் முதலாவது. ஓட்டியவன் செல்வரட்ணம். மண்ணெண்ணெய்க் குழாயைப் புகைக்குழலில் சுற்றி எண்ணெயைச் சூடாக்கியவன் நான். பின் சீற்றையும் கதவுகளையும் கழற்றிப் பாரத்தைக் குறைத்தவனும் நான். சனம் மாலையை அவனுக்குப் போட்டது. அவனோ என் கராஜ் வாசலிலேயே நின்று சொன்னான்:

"கார் என்ன கார். எவனும் சாமானைப் பூட்டுவான். நிலத்தைப் படிக்கத் தெரியவேணும்."

அவனுடைய அப்பர் மாட்டுவண்டிச் சவாரி ஓட்டுகிறவர். ஓட்டத்துக்கு முன் வெறுங்காலோடு பாதை முழுக்க நடந்து பார்ப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். ஒரு வருடமாக அந்தப் பேச்சு என்னைத் தின்றது. சோற்றுக்கு முன் இருந்தாலும் எழுந்துபோய் எதையாவது முறுக்குவேன். கை சும்மா இருக்காது.

இந்த முறை ஓட்டத்துக்கு முதல்நாள் மழை பெய்தது. மழை விட்டதும் ரயர்களை மாற்றினேன், போட்டவை நாலும் தேய்ந்து மொட்டையானவை. காய்ந்த தரவைக்கு இவைதான் வேகம் என்று அவனிடம் சொன்னேன். அது உண்மைதான். மறுநாள் வெயிலில் தரவை மேலே காய்ந்து பொருக்கு விட்டிருந்தது. கீழே என்ன என்பது மிதித்தால்தான் தெரியும்.

அவன் இறங்கி நடக்கப் பார்த்தான். நான் வேளைக்கே எஞ்சினை எழுப்பி, அவனை மிதிக்க வைத்திருந்தேன். பெற்றோல் போத்தல் காலி.

"தம்பி, காலை எடுத்தா நிண்டுபோம். இரு, நான் நடந்து பாத்திட்டு வாறன்."

"ஓம் அண்ணை. அந்தப் பனையடி வளைவை நல்லா மிதிச்சுப் பாருங்கோ."

மிதித்தேன். கணுக்கால்வரை சேறு. பக்கத்துக் குட்டையில் இரண்டு காலையும் கழுவி, உடுத்திருந்த சாரத்தால் துடைத்துவிட்டுத் திரும்பினேன்.

"எப்பிடி அண்ணை?"

"காய்ஞ்சு கல்லுமாதிரிக் கிடக்கு. அமத்து."

ஓட்டம் தொடங்கியதும் அமத்தினான். அந்த வளைவில் கார் வழுக்கிப் பனையில் மோதியது. கதவில்லாததால் அவன் வெளியே விழ, கார் அவன்மேல் புரண்டது. செத்தவீட்டில் அவன் மனைவி பூரணம் என் கையைப் பிடித்து அழுதாள். "உங்களைத்தான் அண்ணை அவர் முழுசா நம்பினவர்" என்றாள். என்னால் அங்கே இருக்க முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

கார் சேற்றில் புதைந்து அவன் சனத்துக்கு முன் வெட்கப்படவேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று காலையில் உங்களிடம் வாக்குமூலத்தில் சொன்னேன். அது பொய். அந்த வேகத்தில் அந்த ரயர் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ரயரைப் பூட்டும்போதே தெரியும். நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள். அவன் நிலத்தைப் படிக்கத் தெரிந்தவன் என்று ஊர் இன்றைக்கும் கதைக்கிறது. தெரிந்தவன் என்றால், என் பேச்சைக் கேட்டு ஓட்டியிருப்பானா, ஐயா?