சுவரில் மக்டலீன் எழுதிய வரி

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் பங்குத்தந்தை அவர்களே, சங்கங்களின் சமாசப் பிரதிநிதிகளே, தன் தாயை, எங்கள் தலைவியை இழந்து நிற்கும் லவீனா, இன்றைய தொழிலை விட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே! இந்தக் கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளராகப் பதினாறு வருடம் எத்தனையோ அறிக்கை வாசித்திருக்கிறேன். இன்றைக்கு வாசிப்பது இரங்கல் உரை. எங்கள் தலைவி, அமரர் திருமதி மக்டலீன் கிறிஸ்துநாயகம் மறைந்த பின் நான் பேசுவது இதுவே முதல் தடவை.

அவர் தலைவியாக வந்தபோது இந்தச் சுவரில் என்ன தொங்கியது? தூரநோக்கு என்று ஒரு கண்ணாடிச் சட்டம், பணிக்கூற்று என்று இன்னொன்று. இரண்டும் என் கைவேலை. திட்டமொன்றுக்கு அவசரமாகத் தேவைப்பட்டதால், சண்டிலிப்பாயிலுள்ள ஒரு தோட்டக்காரர் சங்கத்தின் அறிக்கையைப் பார்த்து அப்படியே அடித்து, கண்ணாடி போட்டுத் தொங்கவிட்டேன். விளைச்சலைப் பெருக்குவோம் என்று அதில் இருந்தது. நான்கு வருடம் ஒருவரும் வாசிக்கவில்லை! மக்டலீன் அக்கா வந்த முதல் நாளே வாசித்தார். "கடலிலை என்னத்தை விதைக்கிறது, சிமியோன்?" என்று என்னைக் கேட்டார். சபை சிரித்த சிரிப்பில் எனக்கு மானமே போய்விட்டது.

அவர் சிரிக்கவில்லை. சட்டங்களைக் கழற்றினார். மூன்று கூட்டம் எங்களை இருத்தி வைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்: நாளைக்கு இந்தச் சங்கம் இல்லாவிட்டால் யாருக்கு என்ன குறை? வலை, எண்ணெய், ஐஸ் என்று அடுக்கினோம். அதெல்லாம் கடையிலும் கிடைக்கும் என்றார். கடைசியில் பழைய படகுப் பலகையொன்றில் நீலப் பெயின்றால் தன் கையாலேயே எழுதினார்: கடலுக்குப் போன ஒருவரையும் தேடாமல் விடமாட்டோம். அவ்வளவுதான்! அன்று தொடக்கம், எல்லாரும் கரையேறிவிட்டார்களா என்று கேட்டு, "ஓம்" என்ற பதில் வரும்வரை எந்தக் கூட்டத்தையும் அவர் தொடங்கியதில்லை.

ஏன் அந்த வரி? அவர் கணவர் கிறிஸ்துநாயகம் திரும்பி வராத அன்று, அங்கத்துவத்தைப் புதுப்பிக்காதவர் என்று சொல்லி ஒரு சங்கம் படகு இறக்கவில்லை. அது எங்கேயோ இருக்கும் சங்கமா? இல்லை ஐயா, இதே சங்கம்தான்! பேசாமல் கரையில் நின்றவர்களில் நானும் ஒருவன். அந்தச் சங்கத்துக்கே அவர் தலைவியாக வந்தார் என்றால், அந்த நெஞ்சுரத்தை என்னவென்று சொல்வது?

நான் திருந்தினேனா? மூன்று வருடத்துக்கு முன், இடம்பெயர்ந்திருந்து ஊர் திரும்பித் தனியாகத் தொழில் செய்த நிஸாம் இன்னும் வரவில்லை என்று அவர் மனைவி றிஹானா இந்த வாசலில் வந்து நின்றார். நிஸாம் எங்கள் அங்கத்தவர் இல்லையே என்று நான்தான் இழுத்தேன். அக்கா ஏசவில்லை. பலகையை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இதிலை அங்கத்தவர் எண்டு எங்கை கிடக்கு?"

பதினான்கு படகு இறங்கியது. கவிழ்ந்த படகைப் பிடித்தபடி மண்டைதீவுக்கு அப்பால் மிதந்த நிஸாமை மத்தியானத்துக்குள் ஏற்றினோம். இதோ, அவர் இரண்டாம் வரிசையில் இருக்கிறார்.

உறவுகளே, ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். எண்ணெய்த் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, அந்த வரியில் "பதிவுபெற்ற அங்கத்தவர்" என்று சேர்க்கும் தீர்மானம் வருகிற ஞாயிறு வாக்கெடுப்புக்கு வருகிறது. எழுதியவன் நான். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எழுதினேன். வெட்கமாயிருக்கிறது! அந்தத் தாளை உங்கள் முன்னால் கிழிக்கிறேன். நான் செயலாளராக இருக்கும்வரை அந்தப் பலகையில் ஓர் எழுத்தும் மாறாது. எவர் எதிர்த்தாலும் மாறாது!

அக்கா கூட்டம் தொடங்குமுன் கேட்பதை இன்றைக்கு நாங்கள் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எல்லாரும் கரையேறிட்டினமோ?

என்ன? சத்தமாய்ச் சொல்லுங்கோ... ஜெரிசனோ? பக்கத்துச் சங்கத்துப் பெடியன். காலமை போனவன் இன்னும் வரேல்லையோ?

சுவாமி, மன்னிக்க வேண்டும். இரங்கல் உரை இவ்வளவும் போதும். எழும்புங்கோ, படகை இறக்குவம்.