அவளுக்காக நான் சொன்ன பதில்கள்

கழுத்து, முதுகு எலும்புகளைக் கையால் அழுத்தித் திருப்பிச் சீராக்குகிற கைரோபிரக்டரிடம் போகிறவர்கள் தளர்வான உடுப்புப் போட்டுக்கொண்டு போவது நல்லது. சேலை சரிவராது. முதல் நாள் கேள்விகளுக்கே பாதி நேரம் போய்விடும், அதனால் பத்து நிமிடம் முந்திப் போய் இருக்கவும் வேண்டும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. டென்மார்க்கில், இந்த பிரெடெரிசியா ஊரில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்காக, கழுத்து முதுகு நோவுக்குப் போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டியவை என்று இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம் எழுதியவன் நான்தான். தமிழ்க் கடையில் கூட வைத்தார்கள். இங்கே கைரோபிரக்டர் என்றால் பல்கலைக்கழகத்தில் படித்து அனுமதி பெற்றவர், எண்ணெய் போட்டுச் சுளுக்கு எடுக்கிறவர் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு படுக்காதீர்கள் என்று எழுதினேன். முன்பு ஒருபோதும் இல்லாத கழுத்து நோவு திடீரென்று வருவது, தலைச்சுற்று, எல்லாம் இரண்டாகத் தெரிவது, முகம் விறைப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்தில் கை வைக்க முதல் சொல்லிவிட வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று இந்த மேசையில் இருந்து நான் சொல்லப்போவதில்லை.

தங்கச்சி சயந்தினி, ஒரு சொல்லும் விடாமல் இந்தப் பொலிஸ் அதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். உங்களைவிட எனக்கு டேனிஷ் நன்றாக வரும், அது வேறு கதை. ஒருமுறை எனக்காக வேறு ஆள் கதைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முப்பத்திரண்டு வருடமாக இந்த ஊரில் மற்றவர்களுக்காக நான்தான் கதைத்து வந்தேன். கொம்யூன் என்கிற நகரசபை, பள்ளிக்கூடம், டொக்டர் எதுவென்றாலும், "தவராஜா அண்ணையைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்பார்கள். என் மனைவி ராசமலருக்கு டேனிஷ் தேவைப்படவே இல்லை. அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை, மெஷினோடு என்ன கதை. "உமக்கேன் அந்தக் கரைச்சல், நான் இருக்கிறன்தானே" என்று கலியாணம் முடித்த காலத்திலேயே சொல்லி வைத்தேன். அன்பில்தான் சொன்னேன்.

போன வருடம் அவளுடைய பல் டொக்டரின் நாளை மாற்ற போன் எடுத்தேன். "உங்கள் மனைவி காலையிலேயே எடுத்து மாற்றிவிட்டார்" என்றாள் அங்கிருந்த பெண். வேலைத்தளத்துத் தோழி ஒருத்தியோடு ராசமலர் செவ்வாய்க்கிழமைகளில் டேனிஷ் வகுப்புக்குப் போவது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் சிரிப்பியள்."

நான் சிரிக்கவில்லை. வயிறு எரிந்தது, அதை மறைத்து என்ன பயன். அதற்குப் பிறகு அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். கதவைச் சாத்திவிட்டு யாரோடு கதைக்கிறாள், ஏன் நான் வந்ததும் போனை வைக்கிறாள் என்று பார்த்தேன். வகுப்புக் கொப்பியையும் எடுத்துப் பார்த்தேன். 'நான் கோப்பன்ஹேகனில் என் மகளோடு வசிக்க விரும்புகிறேன்' என்று டேனிஷில் எழுதியிருந்தாள். ஒரு பிழையும் இல்லை. ஆசிரியை சரி போட்டிருந்தா. பயிற்சிக்கு எழுதிய வசனமாகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. கொப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மார்ச் மாதம் ஒரு நாள் கழுத்து நோவோடு எழும்பினாள். அப்படி ஒரு நோவு அவளுக்கு முன்பு வந்ததில்லை. கைரோபிரக்டரிடம் அவளே போன் பண்ணி நாள் எடுத்தாள். போகிற அன்று காலை, "தலை சுத்துது. கோப்பை ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாள். "அங்கை சொல்லுவம்" என்றேன்.

கைரோபிரக்டர் இளம் ஆள், கவனமானவர். வேண்டுமென்றால் இன்னொரு நாளைக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துச் செய்யலாம் என்றார். நான் இருக்கும்போது எதற்கு என்றேன். பிறகு அவர் ராசமலரைப் பார்த்து, உடம்புக்கு வேறு ஏதாவது செய்கிறதா என்று டேனிஷில் மெதுவாகக் கேட்டார். அவள் தானே டேனிஷில் தொடங்கினாள். பாதியில் சொல் வரவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ, தலைச்சுத்துக்கு இவையள் என்ன சொல்லுறவை?"

களைப்பு என்பதற்கான சொல்லைச் சொல்லிக் கொடுத்தேன்.

அவள் நிமிர்ந்து இருந்து, எனக்குக் களைப்பாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னாள். உங்களுடைய டேனிஷ் நன்றாக இருக்கிறது என்றார் அவர். மகள் பிறந்த அன்றைக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

தலைச்சுற்று உண்டா, பார்வையில் வித்தியாசம் உண்டா, இப்படியான நோவு இதுதான் முதல் தடவையா என்று அவர் வேகமான டேனிஷில் என்னிடமும் கேட்டார். இல்லை, இல்லை, அடிக்கடி வருகிறதுதான் என்றேன். ஒவ்வொன்றையும் பதிந்தார்.

"சொல்லிட்டியளோ?" என்றாள்.

"எல்லாம் சொல்லிட்டன்" என்றேன். அவள் போய்ப் படுத்தாள். அவர் கழுத்தைப் பிடித்துத் திருப்பினார்.

கார் நிறுத்துமிடத்துக்கு வர அவளுடைய வாய் ஒரு பக்கம் இழுத்தது. ஏதோ சொல்லப் பார்த்தாள், தமிழும் வரவில்லை. நான் உடனே அம்புலன்சுக்கு எடுத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கழுத்து இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, அங்கே உறைந்த இரத்தம் மூளைக்குப் போயிருக்கிறது என்றார்கள். முதலே கிழிந்திருக்கலாம், திட்டமாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள். தலைச்சுற்று என்று தெரிந்திருந்தால் கழுத்தைத் தொட்டே இருக்கமாட்டேன் என்று கைரோபிரக்டர் சொன்னாராம். அவர் சொல்வது சரி. அவரில் ஒரு பிழையும் இல்லை.

மகள் துஷாரா கைரோபிரக்டரின் பதிவுகளை எடுத்து வாசித்தாள். தலைச்சுற்று, இரண்டாகத் தெரிவது எல்லாவற்றையும் தாய் அன்று காலையிலேயே போனில் அவளிடம் சொல்லியிருக்கிறாள். எப்போதும் எனக்கு டேனிஷிலேயே பதில் சொல்கிற பிள்ளை, தமிழில் கேட்டாள். "அப்பா, ஏன் நீங்கள் சொல்லேல்லை?"

உங்களுக்குச் சொல்கிறேன். சொன்னால் அவர் தொடமாட்டார் என்று அந்தக் கதிரையில் இருக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொல்லாமல் விட்டேன். அவள் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு முடியாமல் வீட்டில் கிடந்தால் என்னைத் தேடுவாள் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

இப்போது அவளுக்குப் பேச்சு இல்லை. நீங்கள் என்னைக் கூப்பிடுவதற்கு முந்தின நாள், இனி மகளிடம் போவதா, கணவரோடு வீட்டுக்குப் போக விருப்பமா என்று நர்ஸ் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். வீட்டுக்கு என்றதும் ராசமலர் என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். நர்ஸ் தயங்கினாள். எங்கள் ஆட்கள் அப்படித் தலையாட்டினால் ஓம் என்று அர்த்தம் என்று விளக்கினேன். அவள் எழுதிக்கொண்டாள். ராசமலர் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு விருப்பம் என்று பாருங்கள் என்றேன்.