வேர் விடாத அகில் கன்றுகள்

என் பெயர் ஃபெலிசியா, இஞ்ஞாசிமுத்துவின் மகள். வயது முப்பத்தாறு. பீடோங்கில் என் தங்கை ஜோசபினுடன் குடியிருக்கிறேன். தனியார் திசு வளர்ப்பு ஆய்வுக்கூடத்தில் அறிவியல் அதிகாரியாக இருந்தேன். இந்த வாக்குமூலத்தைக் கொடுக்க என்னை யாரும் வற்புறுத்தவில்லை.

எங்கள் இயக்குநர் டாக்டர் சசிதரன், பாலிங் பக்கம் நின்ற ஓர் அகில் மரத்தின் தளிரை எடுத்துப் போத்தல்களில் பெருக்கச் சொன்னார். தளிர் பெருக ஒரு ஹார்மோனும், பிறகு வேர் விட வேறொரு ஹார்மோனும், போத்தலில் தளிருக்கு உணவாக ஊற்றும் கூழில் கலக்க வேண்டும். அது என் பொறுப்பு. கன்றுகள் பெருகியதும், வேறு யாரும் தளிர் எடுக்கக் கூடாதென்று தாய்மரத்தை அவர் வெட்டச் செய்தார்.

அதன் பிறகு, தளிர் நறுக்கும் மேசையில் ஸ்பிரிட்டு தீப்பிடித்து, அங்கே வேலை செய்த ஜோசபினின் இரண்டு கைகளும் வெந்தன. தீயணைப்பான் காலியாகக் கிடப்பதை நான் முன்பே டாக்டரிடம் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்தவர் அவளிடம், "உன் கவனக்குறைவுன்னு சொல்லிடும்மா, மத்தத நான் பாத்துக்கிறேன்லா" என்றார். அவளும் அப்படியே சொன்னாள். அதைக் காரணம் காட்டி அவளை வேலையிலிருந்து நீக்கினார். அவள் விரல்கள் இப்போது மடங்குவதில்லை. நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறேன்.

நான் வேலையை விடவில்லை. அதன் பிறகு வேர் ஹார்மோனைக் கலக்காமலே கூழ் தயாரித்தேன். கூழில் கரித்தூள் இருந்ததால் அடியில் வேர் இல்லாதது வெளியே தெரியவில்லை. மேலே இலை பச்சைப்பசேலென்று நின்றது. "செம்மயா வந்திருக்கு லா" என்று டாக்டர் என் தோளைத் தட்டினார். தோட்டத்தில் விருந்தினர் முன்னிலையில் அத்தனை கன்றுகளையும் அடிக்கூழோடு சேர்த்தே நட்டார்கள். அன்றே, ஆய்வுக்கூடத்தில் மிச்சமிருந்த போத்தல்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஒன்றும் பிழைக்காதபடி குக்கரில் வைத்து அவித்தேன்.

கன்றுகள் எல்லாம் சாய்ந்த பிறகு டாக்டர் என் வீட்டுக்கு வந்தார். மேசைமேல் அந்தப் போத்தலைப் பார்த்ததும், "ஃபெலிசியா, அந்த ஒண்ணு போதும், மறுபடி பெருக்கிடலாம். உன்மேல கேஸ் எதுவும் போட மாட்டேன்லா" என்று கெஞ்சினார்.

நான் மூடியைத் திறந்தேன். வெளிக்காற்று பட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். "வேணாம்க்கா" என்று ஜோசபின் ஓடிவந்து, அந்த விரல்களால் மூடியைப் போடப் பார்த்தாள். நான் விடவில்லை. தளிரை வெளியே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதன் பிறகு அவர் போலீசுக்குப் போன் செய்தார்.

மேலே உள்ளது முழுவதும் நானே சொன்ன உண்மை. வாசித்துக் காட்டக் கேட்டேன். திருத்த எதுவும் இல்லை.

(ஒப்பம்) இ. ஃபெலிசியா