கீழ்வீட்டின் சம்மதம்

“வீட்டுக்காரங்களே இல்லாத வீட்டுக்கு எப்படி அத்தை விருந்தாளி வர்றாங்க?” என்று கீழ்வீட்டு நிகாரின் பேத்தி ஒருமுறை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள். ஃபெரிதே சிரித்தாள், குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள், படகைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

இன்று உஸ்குதார் படகுத்துறைக்கு அருகே அதே வீட்டில், காலமான அம்மாவின் கூடத்தில், பிரிக்காத பக்லாவா இனிப்புப் பெட்டியும் கையுமாக அவள் நின்றுகொண்டிருந்தபோது ஜெர்மனியிலிருந்து அண்ணன் செலாமியின் அழைப்பு வந்தது.

“ஹலோ... ஆமாண்ணா, இங்கதான் இருக்கேன்... இல்ல, வாங்கல... கையெழுத்து வாங்கலன்னு சொல்றேன்... ஆமா ஆமா, மத்த எல்லாரும் போட்டாச்சு. நிகார் அக்கா மட்டும் போடல... ஒருத்தர்தானேன்னா? அந்த ஒருத்தர் போதுமே! கட்டடத்துல இருக்கற அத்தனை வீட்டுக்காரரும் சம்மதிச்சாத்தான் அனுமதிப் பலகையை வாசல்ல மாட்ட விடுவாங்க. பலகை இல்லாம நாள் வாடகைக்கு விட்டா அபராதம். அதுக்கும் அடங்கலன்னா சீல்... சட்டத்தை நானா எழுதினேன்? என்கிட்ட ஏன் கத்தற?”

“...”

“வரியா? வரியெல்லாம் ஒழுங்கா கட்டியிருக்கேன். தங்கறவங்க பேரை ஒண்ணு விடாம போலீசுக்கு அனுப்பியிருக்கேன். அதுல ஒரு குறை சொல்லு பாப்போம்... தெரியும்ணா, கோடை முழுக்க ஆள் பதிஞ்சாச்சு. தெரியும்ணு சொல்றேன்ல. பூர்சாவுல நான் குடியிருக்கற வீட்டுக்கு வாடகையே இதுலருந்துதான் போகுது. எனக்குத் தெரியாதா?... என்னது?... வர்றவங்கள பல்கேரியாலருந்து வந்த சித்தப்பா பிள்ளைங்கன்னு சொல்லவா? ஜப்பான்காரங்களையுமா?... சிரிக்கல. எனக்கு எங்க சிரிப்பு வருது.”

அவள் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“ஏன் போடலன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?... கேளு. குறுக்க பேசாம கேளு. நல்ல இனிப்பா வாங்கிட்டுப் போன்னு நீதானே சொன்ன? பிஸ்தா போட்டது வாங்கிட்டுப் போனேன். கதவு தொறந்ததும் சிரிச்சுக்கிட்டே, ‘ஹிக்மெத் அண்ணன் எங்க அக்கா, அவரோட ஒரு டீ குடிக்க வந்திருக்கேன்’னு கேட்டேன்... அண்ணா, அவர் பனிக்காலத்துலயே போயிட்டாராம்... செத்துட்டாருண்ணா! நிகார் அக்கா வீட்டுக்காரர்!... எனக்கு எப்படித் தெரியும்? சாவி வாசல்ல நம்பர் பூட்டுப் போட்ட பெட்டிக்குள்ள தொங்குது. வர்றவங்களுக்கு அதோட நம்பர அனுப்பிட்டு நான் பூர்சாவுல உக்காந்திருக்கேன். இந்தப் படியை மிதிச்சு எத்தனை மாசம் ஆச்சு!... சாவு வீட்டு வாசல்ல கல்யாண வீட்டு இனிப்போட பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன்.”

“...”

“இல்ல, அதுக்காக இல்ல. முழுசா கேளு. அவரை அடக்கம் பண்ணின அன்னிக்கு சாயங்காலம் கீழ அவருக்காக குர்ஆன்லருந்து யாசீன் ஓதிக்கிட்டிருந்திருக்காங்க. மேல, இங்க, நம்ம வீட்டுல, யாருக்கோ பொறந்தநாள். பாட்டும் கூத்தும். ஓதறவர் குரலே காதுல விழலையாம். கடைசில நிகார் அக்காவே எழுந்து படியேறி வந்து கதவைத் தட்டியிருக்காங்க... அவங்க பேசற பாஷை தங்கியிருந்த பிள்ளைங்களுக்கு எங்க புரியுது? பக்கத்து வீட்டம்மா வாழ்த்த வந்திருக்காங்கன்னு நெனச்சு ஒரு துண்டு கேக்கை வெட்டிக் கையில கொடுத்திருக்காங்க... ஆமா. வாங்கிக்கிட்டு இறங்கிட்டாங்க... வேற என்ன பண்ணுவாங்க? கொடுத்தது விருந்தாளியாச்சே.”

“...”

“அந்தப் பிள்ளைங்க மேல என்ன தப்பு? அவங்களுக்கு என்ன தெரியும்? சொல்ல வேண்டியவ நான். இங்க இருந்திருக்க வேண்டியவ நான். நிகார் அக்கா அடுப்பு மூட்ட வேண்டாம்னு எல்லா வீட்லருந்தும் அன்னிக்குப் பாத்திரம் போயிருக்கு. நம்ம வீட்லருந்து கேக் துண்டு போயிருக்கு... பெரிசு பண்றேனா? அம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப தினம் சூப் கொண்டுவந்து ஊட்டினது யாரு? உனக்கு எப்படித் தெரியும், நீ அடக்கத்துக்குத்தானே வந்த!... சரி சரி, விடு. நானும் மாசத்துல ஒரு நாள் வந்துட்டுப் போனவதான்.”

நெற்றியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். மறுமுனையில் செலாமியின் குரல் இப்போது இனித்தது. அதுதான் அவளுக்கு அதிகமாகக் கசந்தது.

“என்ன?... இமாமைக் கூப்பிட்டு அவர் பேருல ஓத வெச்சா அக்கா மனசு எளகிடுமா? எளகினதும் பேனாவ நீட்டணுமா?... வாயைக் கழுவுண்ணா. குர்ஆனைக் காட்டியா கையெழுத்து வாங்குவ?... அவங்க திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். ‘உன்மேல கோபம் இல்லம்மா. ஆனா மறுபடி அந்தக் கதவைத் தட்ட என் கால்ல தெம்பு இல்ல’ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.”

“...”

“நிறுத்தப்போறேன்... ஆமா, நாள் வாடகைய அடியோட. இன்னிக்கே எல்லாருக்கும் வேண்டாம்னு சொல்லிடறேன்... உன் பங்கா? வித்துக்கோ, யாரு வேண்டாம்னா?... என் வாடகையா? அதை அல்லாஹ் பாத்துப்பான்... பைத்தியந்தான், ஆமா... அண்ணா, அப்படிச் சொல்லாத. நீயும் நானும் ஒரே தாய் வயித்துல... ஹலோ? ஹலோ?... அண்ணா?”

தொடர்பு அறுந்திருந்தது. மறுபடி அழைத்தாள். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது.

பிறகு ஒவ்வொருவருக்காக மன்னிப்புக் கேட்டு எழுதி, கோடைக்கால விருந்தாளிகள் அத்தனை பேரின் பதிவையும் ரத்து செய்தாள். அது முடிந்ததும் அனுமதிக்கான விண்ணப்பத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டாள். இனி நிகாரிடம் அவள் கேட்க வேண்டியது எதுவும் இல்லை.

எழுந்துபோய் முகம் கைகால் கழுவி, முக்காடிட்டு, கம்பளத்தை ஓரமாகச் சுருட்டிவிட்டு வெறும் தரையில் அமர்ந்தாள். அதற்கு நேர் கீழேதான் நிகாரின் கூடம். அங்கே யாரோ பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. குரல் கீழே இறங்கிவிடாதபடி, உதடுகளுக்குள்ளேயே, ஹிக்மெத்தின் பேருக்கு யாசீனைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓதினாள்.

பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கிப் போனாள்.