வானிலை ஆபீஸ் மாப்பிள்ளை

அத்தை: இன்னைக்கு மழை வராதுன்னு காலையில நீங்கதானே சொன்னீங்க மாப்பிள்ளை?

மாப்பிள்ளை: வராதுன்னு எங்க சொன்னேன் அத்தை? வாய்ப்பு குறைவுன்னு...

அத்தை: மாடியில சலவைத் துணி பூரா தொப்பலா நனைஞ்சு தொங்குது. ஆஸ்பத்திரிக்காரங்க வந்து விரிப்பு எங்கன்னு கேட்டா, எங்க வானிலை ஆபீஸ் மாப்பிள்ளையைக் கேளுங்கன்னு கை காட்டிடுவேன்.

மாப்பிள்ளை: கொடுங்க, நானும் பிழியறேன்.

அத்தை: அந்த முனையைப் பிடிங்க. முறுக்குங்க. ஐயே, எதிர்ப்பக்கம்!

மாப்பிள்ளை: அத்தை... சனிக்கிழமை தெருக்கூட்டம் வேண்டாமே.

அத்தை: எந்தக் கூட்டம்?

மாப்பிள்ளை: கேமராக் கம்பத்தை எடுக்கச் சொல்லி நீங்க கூட்டுறீங்களே, அது.

அத்தை: வீட்டுல நான் மூச்சே விடலையே! யார் சொன்னா?

மாப்பிள்ளை: ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க...

அத்தை: மழை ஆபீஸ்லயா?

மாப்பிள்ளை: டீ குடிக்கிற இடத்துல எல்லாந்தான் பேசுவாங்க. சிரிக்காதீங்க அத்தை. எங்க... அவங்க கம்ப்யூட்டர்ல உங்க பேர் மஞ்சள் ஆயிடுச்சாம். சிவப்பானா நம்ம சலவைக் கடைக்குப் பூட்டு. உங்களையும் வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க.

அத்தை: துணி துவைக்கிறவளால நாட்டுக்கு ஆபத்தா?

மாப்பிள்ளை: கம்பத்தை எதிர்த்துப் பேசினா ஆபத்துன்னு மெஷின் கணக்குப் போடுது.

அத்தை: அது தெருவைப் பாத்தா நான் ஏன் பேசுறேன்? மாடி ஜன்னலுக்குள்ள எட்டிப் பாக்குது. திருப்பி வைங்கன்னு எத்தனை தடவை கேட்டாச்சு...

மாப்பிள்ளை: தெரியும்.

அத்தை: எல்லாம் தெரியுது. மழை மட்டுந்தான் தெரியல!

மாப்பிள்ளை: அத்தை...

அத்தை: அன்னைக்கு முட்டி வலிக்குத் தைலம் வாங்கிட்டு வந்தீங்களே. பச்சை மூடி போட்டதுதான் எனக்குக் கேக்கும்னு யார் சொன்னா?

மாப்பிள்ளை: நீங்கதான்...

அத்தை: உங்ககிட்டயா சொன்னேன்? எங்க அக்காகிட்ட. போன்ல. கடைக் கதவைச் சாத்திக்கிட்டு. சரி, ஏதோ தற்செயல்னு விட்டேன். அப்புறம் செருப்பு வார் அறுந்துடுச்சுன்னு அக்காகிட்ட அழுதேன். மறுநாள் வாசல்ல புதுச் செருப்பு! வார் அறுந்து போகவே இல்ல மாப்பிள்ளை. சும்மா சொல்லிப் பாத்தேன்.

மாப்பிள்ளை: ஐயோ...

அத்தை: முறுக்கை விடாதீங்க, தண்ணி என் கால்ல கொட்டுது. ஒட்டுக் கேக்கப் போனவர் தைலம் வாங்கிட்டு வரலாமா? அந்த வேலைக்கே நீங்க லாயக்கில்ல.

மாப்பிள்ளை: நானா கேட்டு வாங்கல அத்தை. உங்க போன் நம்பர் என் மேஜைக்கு வந்துச்சு. வேற ஆள் கையில போயிடக் கூடாதேன்னு வாயை மூடிக்கிட்டேன். தினமும் 'முட்டி வலி, துணி காயல'ன்னு மட்டுந்தான் எழுதி அனுப்புறேன்.

அத்தை: எங்க வீட்டு மாப்பிள்ளையா கொக்கா!

மாப்பிள்ளை: திங்கக்கிழமையிலிருந்து உங்களை வேற ஆளுக்கு மாத்துறாங்க. அவன் நீங்க தும்மினாலும் எழுதுவான். அதான் கெஞ்சுறேன்.

அத்தை: அந்த ஜன்னல் யார் ரூம்னு தெரியுமில்ல?

மாப்பிள்ளை: ...முந்தாநாள் பக்கத்து சீட்டுக்காரன் திரையில பாத்தேன். உங்க பொண்ணு புள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டிருந்தா. அவன் டீயை உறிஞ்சிக்கிட்டே பாக்குறான். எழுந்து ஒரு வார்த்தை கேக்க முடியல அத்தை.

அத்தை: நேத்தே ஒரு விரிப்பை எடுத்து ஜன்னல்ல தொங்க விட்டுட்டேன். அதுக்காக என் பேரப்புள்ள வெளிச்சமே பாக்காம வளரணுமா?

மாப்பிள்ளை: சிவப்பாக்கிடுவாங்களே...

அத்தை: நான் மட்டும் பேசினா நான் சிவப்பு. தெருவே வந்து உக்காந்தா எத்தனை பேரை ஆக்குவாங்க? அவ்வளவு சாயத்துக்கு எங்க போவாங்க?

மாப்பிள்ளை: ...சனிக்கிழமை, திங்களுக்கு முன்னாடிதானே வருது. அன்னைக்கும் எழுதி அனுப்புறது நான்தான்.

அத்தை: அப்படி வாங்க வழிக்கு! சனிக்கிழமை மழை வருமா?

மாப்பிள்ளை: வராது அத்தை.

அத்தை: அப்ப பந்தல் போட்டே ஆகணும். அது சரி, உக்கார நாற்காலி இல்லையே, நான் எங்க போவேன்னு மத்தியானம் அக்காகிட்ட போன்ல நல்லா சத்தமாப் புலம்பினேனே...

மாப்பிள்ளை: கேட்டுச்சு அத்தை. கீழ வண்டியில இருக்கு. இந்த விரிப்பைக் காயப் போட்டுட்டு வாங்க, சேந்து இறக்கிடலாம்.