முனியாண்டியின் குழாய்

முயலைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது, ஐயா. பலரும் அப்படித்தான் தூக்குகிறார்கள். ஒரு கையைப் பிடரியிலும் மறு கையை அடிவயிற்றுக்குக் கீழும் கொடுத்து அணைத்துக்கொண்டால் அது துள்ளாது. கெடாவில், குருணுக்கு வடக்கே, எங்கள் ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் அது என் வேலை. நான் முயலைப் பிடித்துக்கொள்வேன், பசுபதி அதன் காது நரம்பில் ஊசி ஏற்றுவான்.

என் பெயர் பரஞ்சோதி. அப்பாவுக்குக் குருண் கடைத்தெருவில் மளிகைக் கடை. பசுபதியின் அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவுகிறவர்கள். இருவரும் ஒரே வருஷம் சிங்கப்பூரில் டாக்டர் படிப்புக்குச் சேர்ந்தோம். என்னை அப்பா படிக்க வைத்தார். அவன் உபகாரச் சம்பளத்தில் படித்தான்.

மூன்றாம் வருஷம் கிருமியியல் பாடம். ஒருநாள் பேராசிரியர் ஆளுக்கொரு தட்டைக் கொடுத்து, அதில் வளர்ந்திருப்பது என்ன கிருமி என்று கண்டுபிடிக்கச் சொன்னார். நான் சாயம் ஏற்றி, லென்ஸில் பார்த்து, குறிப்பெழுதி, இரண்டு மணி நேரத்தில் சரியாகச் சொன்னேன். பசுபதி மூடியை லேசாகத் தூக்கி முகர்ந்து பார்த்தே சொல்லிவிட்டான். அதுவும் சரி. பேராசிரியர் அவன் தோளில் கை வைத்து வெகுநேரம் பேசினார். போகிற போக்கில் என் பக்கம் திரும்பி, "நீயும்தான்" என்றார்.

எனக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் வந்ததும் கல்லூரியை மூடினார்கள். ஊர் வந்து சேர்ந்தோம். தோட்டத்து வெள்ளைக்கார டாக்டர் ஓடிப்போயிருந்தார். பாதிப் படிப்புப் படித்த எங்களையே ஆஸ்பத்திரியில் உட்கார வைத்தார்கள். ஜனங்கள் அவனை 'டாக்டர் தம்பி' என்றார்கள். என்னைக் 'கடைக்காரர் மகன்' என்றார்கள்.

நாற்பத்து மூன்றில் காலரா என்கிற வாந்திபேதி வந்தது. ஜப்பான்காரனின் சயாம் ரயில் பாதை வேலையிலிருந்து தப்பி வந்தவர்கள் கொண்டுவந்தார்கள் என்று பேச்சு. மருந்து இல்லை, ஊசி இல்லை. இருந்தது ஒரு மைக்ராஸ்கோப்பும் பசுபதியின் மூளையும். கோலா கெடாவில் செத்த ஒரு மீனவரிடமிருந்து எடுத்த கிருமியை அவன் வளர்த்தான். அதைச் சூட்டில் கொன்று, கொஞ்சம் கொஞ்சமாக முயலுக்குள் செலுத்தினான். சில வாரங்களில் முயலின் ரத்தம் அந்தக் கிருமியை அடையாளம் கண்டுகொள்ளப் பழகிவிடும். பிறகு அந்த ரத்தத்தில் தெளிந்த நீரை ஒரு சொட்டு எடுத்துச் சந்தேகப்பட்ட கிருமியோடு கலந்தால், காலராவாக இருந்தால் பால் திரிந்தாற்போலக் கட்டி கட்டும். வேறு கிருமியாக இருந்தால் கலங்கலாகவே கிடக்கும். புத்தகத்தில் நானும் படித்ததுதான். செய்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஜப்பானிய ராணுவ டாக்டர் அதைப் பார்த்து மெச்சித் தலையசைத்தார். அவருடைய சட்டம் சுலபமானது. சோற்றைத் தொடுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் எல்லோருடைய மலத்தையும் சோதிக்க வேண்டும். கிருமி இருப்பவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கொட்டகைக்குப் போக வேண்டும். போனவர்களில் இரண்டே பேர் திரும்பி வந்ததாக எனக்குத் தெரியும்.

அந்த வாரம் டாக்டர் இன்னொரு செய்தியும் சொன்னார். சிங்கப்பூரில் மறுபடியும் டாக்டர் படிப்பு தொடங்குகிறதாம். இந்த வட்டாரத்திலிருந்து ஒருவரை அனுப்பலாமாம். பசுபதியின் பெயரை எழுதிவிட்டாராம்.

பசுபதி என்னிடம் ஓடி வந்தான். "டேய் பரஞ்சோதி, நான் முன்னால போறேன்லா. போய் அங்கவுள்ள ஆளுங்ககிட்ட சொல்லி உன்னையும் இழுத்துக்கிறேன்."

இழுத்துக்கொள்கிறானாம்.

மறுநாள் சோதனை. பதினான்கு குழாய்கள், ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு. ஒன்று பசுபதியுடையது, ஒன்று என்னுடையது, ஒன்று முனியாண்டியுடையது. முனியாண்டி சயாமிலிருந்து தப்பி வந்தவன். பொதுச் சமையலில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தான். ஆள் திடமாகத்தான் இருந்தான். பிற்பகல் பசுபதி தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் போயிருந்தபோது எல்லாக் குழாய்களையும் நான் முன்கூட்டியே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். முனியாண்டியின் குழாயில் மட்டும் வளைந்த கிருமிகள் மீன்குஞ்சுக் கூட்டம்போல ஓடிக்கொண்டிருந்தன.

அந்தக் குழாயின் சீட்டையும் பசுபதியின் குழாய்ச் சீட்டையும் ஈரத்துணியால் துடைத்து உரித்து மாற்றி ஒட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. யாராவது பார்த்தார்களா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை.

மாலையில் டாக்டர் வாசலில் நிற்க, பசுபதி ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தான். தன் பெயர் போட்ட குழாயை எடுத்தான். பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். பிறகு, முயல் ரத்தத்தின் தெளிநீரில் ஒரு சொட்டு விட்டான். கட்டி கட்டியது. அவனுடைய சோதனை பிழையில்லாமல் வேலை செய்தது.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையேடா. வயிறு நல்லாத்தான இருக்கு" என்றான்.

"வியாதி வராம கிருமிய மட்டும் சுமக்கிறவங்க இருக்காங்கன்னு நீதான சொன்ன?" என்றேன்.

குழாயை மேசையில் வைத்தான். "ஆமாலா. நான்தான் சொன்னேன்."

இன்னொரு முறை மலம் எடுத்துப் பார்க்கட்டுமா என்று டாக்டரிடம் கேட்டான். டாக்டர் கையால் கதவைக் காட்டினார். பசுபதி கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து வாயில் கட்டிக்கொண்டு, யாரையும் தொடாமல், தானாகவே கொட்டகைக்கு நடந்து போனான். ஐந்தாம் நாள் அவனுக்கு உண்மையாகவே வாந்திபேதி கண்டது. ஏழாம் நாள் போய்விட்டான்.

அவனைக் கொல்ல நான் நினைக்கவில்லை, ஐயா. சிங்கப்பூர் இடத்துக்கு அவன் போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

பசுபதியின் சுத்தமான குழாய் முனியாண்டியின் பெயருக்குப் போனது. மறுநாளும் அவன்தான் கஞ்சி ஊற்றினான். முதலில் படுத்தவள் அவன் மனைவி மருதம்மாள். பிறகு அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். பிறகு கிழக்கு லயம். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் முனியாண்டியைப் பற்றிச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். ஆகவே உப்புக் கரைத்த நீரைக் காய்ச்சி வீடு வீடாக நானே கொடுத்தேன். தூங்காமல் உழைத்தேன். முப்பத்தெட்டுப் பேர் இறந்தார்கள். நான் பார்க்காவிட்டால் இன்னும் அதிகமாகியிருக்கும். அந்த மாதம் என்னையும் 'டாக்டர் தம்பி' என்று கூப்பிட்டார்கள்.

சிங்கப்பூர் இடம் எனக்கு வந்தது. வியாதி அடங்கும்வரை போகக் கூடாது என்று ஜப்பானிய டாக்டர் நிறுத்திவைத்தார். அதற்குள் எங்கள் கெடா மாநிலத்தை ஜப்பான்காரர்கள் சயாமிடம் கொடுத்துவிட்டார்கள். அவரும் மாற்றலாகிப் போனார். அந்த இடமும் போயிற்று.

சண்டை முடிந்து, இப்போது அந்த டாக்டர்மேல் வழக்கு நடத்துகிறீர்கள். பசுபதி சாவுக்கு அவர்தான் காரணம் என்று சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டீர்கள். சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் போன வாரம் தோட்டத்தில் அவனுக்குக் கல் நடத் தீர்மானித்தார்கள். தன் உடம்பில் கிருமியைத் தானே கண்டுபிடித்து, ஊரைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்தவன் என்று அதில் எழுதப்போகிறார்கள். அது தவறு. அவன் உடம்பில் கிருமி இல்லை. ஊரும் காப்பாற்றப்படவில்லை. கல்லில் பொய் எழுதக் கூடாது என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். வேறு காரணம் இல்லை.

கொட்டகையிலிருந்து பிழைத்து வந்த இருவரில் ஒருவர் பழனியாண்டி. பசுபதியின் பக்கத்துப் பாயில் கிடந்தவர். அவரிடம் போய்க் கேட்டேன், கடைசியில் ஏதாவது சொன்னானா என்று.

"உங்க பேரத்தாங்க சொல்லிக்கிட்டிருந்தாரு. பரஞ்சோதி இருக்கான், லயத்த பாத்துக்குவான், கவலைப்படாதீங்கன்னு எங்களுக்குத் தைரியம் சொன்னாரு."

ஏழு நாள், ஐயா. படுத்துக்கொண்டு யோசிக்க ஏழு முழு நாள் இருந்தது. குழாய்களோடு தனியாக இருந்தது யார் என்று அவனுக்குத் தெரியும். முகர்ந்து பார்த்தே கிருமியின் பெயரைச் சொல்லக்கூடிய மூளை அது. அப்படியும் என்னை ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை. அதற்குக்கூட நான் லாயக்கில்லாதவன் என்று நினைத்திருக்கிறான்.